விளையாட்டுத் திரையில் செம்பாறைப் போர்

பின்வரும் கட்டுரையை வாசித்திடுக. அதனைத் தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு விடை காண்க.

திரை முழுவதும் படைவீரர்கள். ஈட்டியும் கேடயமும் ஏந்திய நூற்றுக்கணக்கானோர் நாற்புறமும் சூழ்ந்து நிற்கின்றனர். அவர்களுக்கு நடுவே ஒரே ஒரு தளபதி. விளையாடுபவர் பொத்தானை அழுத்தியதும் தளபதியின் ஆயுதம் சுழல்கிறது. ஒரே வீச்சில் பத்துப் பதினைந்து பேர் வீழ்கின்றனர். திரையின் ஓரத்தில் ஓர் எண் ஏறிக்கொண்டே போகிறது. 100, 200, 500 என்று வளர்ந்து அது ஆயிரத்தைத் தொடும்போது விளையாடுபவரின் முகத்தில் பெருமிதம் பொங்குகிறது.

இத்தகைய காணொளி விளையாட்டுகள் 'வெட்டி வீழ்த்தும்' வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் புகழ்பெற்றது 'டைனஸ்டி வாரியர்ஸ்' என்னும் தொடர். இதில் வரும் தளபதிகள் பலர் கற்பனை மாந்தர் அல்லர். ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன்பு சீனாவில் வாழ்ந்தவர்கள். விளையாட்டில் வரும் ஆறுகளும் கோட்டைகளும் போர்க்களங்களும் சீன வரலாற்றில் இடம்பெற்றவையே. பள்ளிப் பாடநூலில் நான்கு ஆண்டுகளை மனனம் செய்யத் தடுமாறும் மாணவர்கூட, இவ்விளையாட்டில் வரும் நாற்பது தளபதிகளின் பெயர்களைத் தங்குதடையின்றிச் சொல்வதுண்டு. அந்த ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆயினும், அவ்வாறு அறிந்துகொண்டவற்றுள் எது வரலாறு, எது கதை என்பதைப் பிரித்தறிய வேண்டியுள்ளது.

ஜப்பானில் உருவான சீனக் கதை

டைனஸ்டி வாரியர்ஸ் விளையாட்டை உருவாக்கியது 'கோயி' என்னும் ஜப்பானிய நிறுவனம். சீனாவின் மூன்று அரசுகள் காலத்துக் கதை ஜப்பானியருக்குப் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அக்கதை ஜப்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அது மறுபடைப்பாகவும் சித்திரக்கதையாகவும் வெளிவந்து வீடுதோறும் அறிமுகமானது. கோயி நிறுவனம் 1985-ஆம் ஆண்டிலேயே இக்காலத்தை அடிப்படையாகக் கொண்ட வியூக விளையாட்டு ஒன்றை வெளியிட்டிருந்தது.

1997-இல் வெளிவந்த முதல் டைனஸ்டி வாரியர்ஸ், இருவர் நேருக்கு நேர் மோதும் சண்டை விளையாட்டாகவே இருந்தது. 2000-ஆம் ஆண்டில் 'பிளேஸ்டேஷன் 2' கருவிக்காக வெளியிடப்பட்ட அடுத்த பாகம்தான் இன்றைய வடிவத்திற்கு வழி வகுத்தது. புதிய கருவியின் கணிப்பாற்றல் கூடியிருந்ததால், ஒரே நேரத்தில் பல வீரர்களைத் திரையில் காட்ட முடிந்தது. இருவர் மோதிய மேடை, பெரும் போர்க்களமாக விரிந்தது. அப்பாகத்தில் விளையாடக்கூடிய தளபதிகள் 28 பேர். பின்னாளில் அந்த எண்ணிக்கை எழுபதையும் தாண்டியது.

ஜப்பானில் இத்தொடரின் பெயரில் 'முசோ' என்ற சொல் இடம்பெறுகிறது. 'நிகரற்றவர்' என்பது அதன் பொருள். ஒருவரே ஆயிரவருக்கு ஈடாவார் என்னும் கருத்தே இவ்விளையாட்டின் உயிர்நாடி. போரில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனைப் பாடுவது பரணி என்று தமிழ் இலக்கண மரபும் கூறும். வீரத்தை எண்ணிக்கையால் பெருக்கிக் காட்டுவது பல பண்பாடுகளில் காணப்படும் இலக்கிய உத்தி என்பதை இதனால் உணரலாம்.

பதிவேடு கூறும் போர்

இத்தொடரின் பாகங்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் போர்களுள் ஒன்று, கி.பி. 208-இல் நடந்த செம்பாறைப் போர். அப்போது ஹான் பேரரசு பெயரளவில் மட்டுமே நிலைத்திருந்தது. கி.பி. 184-இல் வெடித்த மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சிக்குப் பின்னர், படைத்தலைவர்கள் ஆளுக்கொரு பகுதியைக் கைப்பற்றிக்கொண்டனர். அவர்களுள் வலிமை மிக்கவரான சாவ் சாவ் வடசீனாவைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தார். பிறகு பெரும்படையுடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அவரைத் தடுத்து நிறுத்தத் தெற்கில் ஆட்சி செய்த சுன் சுவானும், நிலையான நாடின்றித் தவித்த லியூ பேயும் கைகோத்தனர்.

இப்போரைப் பற்றிய முதன்மைச் சான்று, சென் ஷோவ் என்பவர் மூன்றாம் நூற்றாண்டில் தொகுத்த 'மூன்று அரசுகளின் பதிவேடு' என்னும் வரலாற்று நூலாகும். கி.பி. 429-இல் பேய் சொங்ஜி என்பவர், பிற ஏடுகளில் கிடைத்த செய்திகளையும் அதனுடன் விரிவான உரைக்குறிப்புகளாகச் சேர்த்தார்.

சாவ் சாவ் தம்மிடம் 800,000 வீரர்கள் இருப்பதாகக் கடிதம் எழுதி எதிரியை அச்சுறுத்தினார். தென்னாட்டுத் தளபதி ஜோவ் யூ அந்த எண்ணை நம்பவில்லை. வடக்கிலிருந்து வந்தோர் 150,000 முதல் 160,000 வரை, புதிதாகச் சரணடைந்தோர் 70,000 முதல் 80,000 வரை இருக்கலாம் என்று அவர் கணித்தார். நெடுந்தொலைவு நடந்து களைத்த படை அது. படகில் போரிட்டுப் பழகாத படை. புதிய நிலத்தின் தட்பவெப்பத்தால் நோய்வாய்ப்படக்கூடிய படை என்றும் அவர் எடுத்துரைத்தார். சுன் சுவான் அவருக்கு அளித்த வீரர்களோ 30,000 பேர்தாம்.

ஜோவ் யூவின் கீழ்ப் பணியாற்றிய ஹுவாங் காய் என்னும் முதிய தளபதி, எதிரியின் கப்பல்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதைக் கவனித்தார். தீ வைத்தால் அனைத்தும் எரியும் என்று யோசனை கூறினார். பத்துக்கணக்கான கப்பல்களில் காய்ந்த புல்லும் விறகும் நிரப்பப்பட்டன. அவற்றின் மீது எண்ணெய் ஊற்றப்பட்டுத் துணியால் மூடப்பட்டது. தப்பிச் செல்வதற்காகச் சிறு படகுகள் பின்னால் கட்டப்பட்டன. தாம் சரணடைய வருவதாக ஹுவாங் காய் சாவ் சாவுக்கு முன்கூட்டியே மடல் அனுப்பினார். கப்பல்கள் நெருங்கி வந்தபோது வடநாட்டு வீரர்கள், சரணடைய வருகிறார்கள் என்று சுட்டிக்காட்டியபடி வேடிக்கை பார்த்தனர். அக்கணம் கப்பல்களுக்குத் தீ மூட்டப்பட்டது. பலத்த காற்று அத்தீயைக் கப்பல்களிலிருந்து கரையிலிருந்த பாசறைவரை கொண்டு சென்றது. எரிந்தும் நீரில் மூழ்கியும் மாண்டோர் பலர். சாவ் சாவ் வடக்கே பின்வாங்கினார். சீனா ஒரே ஆட்சியின் கீழ் வருவது தடைபட்டது. பின்னர் வெய், ஷூ, வூ என்னும் மூன்று அரசுகள் தோன்றின. கி.பி. 280-இல்தான் ஜின் அரசமரபு நாட்டை மீண்டும் ஒன்றிணைத்தது.

புதினம் சேர்த்த வண்ணம்

போர் நடந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர், பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த லுவோ குவான்ஜோங் எழுதியதாகக் கருதப்படும் பெரும்புதினம் ஒன்று உருவானது. 'மூன்று அரசுகளின் வீரகாதை' என்று அதனைக் குறிப்பிடலாம். இன்று வழக்கிலுள்ள பதிப்பு 120 அத்தியாயங்களைக் கொண்டது. பதிவேட்டுச் செய்திகளோடு மக்கள் வாய்வழி வழங்கிய கதைகளும் அதில் கலந்துள்ளன.

புதினத்தில் செம்பாறைப் போரின் நாயகராக விளங்குபவர் லியூ பேயின் ஆலோசகரான ஜுகே லியாங். அவர் மேடை அமைத்துச் சடங்கு செய்து தென்கிழக்குக் காற்றை வரவழைக்கிறார். வைக்கோல் பொம்மைகள் நிறைந்த படகுகளைப் பனிமூட்டத்தில் அனுப்பி, எதிரி எய்த 100,000 அம்புகளைச் சேகரித்துக் கொண்டுவருகிறார். செம்பாறைப் போரைப் பற்றிய பதிவேட்டுச் செய்திகளில் இவை இரண்டும் இல்லை. அங்கே ஜுகே லியாங்கின் அரும்பணி வேறு. இருபத்தேழு வயதே நிரம்பிய அவர், தூதுவராகச் சென்று, தயங்கிக்கொண்டிருந்த சுன் சுவானிடம் நிலைமையை விளக்கி, கூட்டணிக்கு இணங்க வைத்தார். சொல்லால் செய்த அச்செயல், காற்றை அழைத்த கதையளவு பரபரப்பூட்டாது. எனினும், அக்கூட்டணியின்றிச் செம்பாறை வெற்றி கைகூடியிருக்குமா என்பது ஐயமே.

புதினம் மிகைப்படுத்தியது என்று கருதி அதிலுள்ள அனைத்தையும் ஒதுக்கிவிடவும் இயலாது. சாங்பான் என்னுமிடத்தில் தளபதி ஜாவ் யுன், லியூ பேயின் கைக்குழந்தையைச் சுமந்துசென்று காப்பாற்றியது பதிவேட்டிலேயே உள்ளது. ஜாங் ஃபெய் என்பவர் இருபது குதிரைவீரர்களுடன் நின்று துரத்திவந்த படையைத் தடுத்ததும் பதிவாகியுள்ளது. மாறாக, பேரழகி என்று புதினம் போற்றும் தியாவ் சான் என்னும் பெண்ணின் பெயர் பதிவேட்டில் காணப்படவில்லை. நம்ப முடியாததுபோல் தோன்றுவது உண்மையாகவும், இயல்பாகத் தோன்றுவது கற்பனையாகவும் இருக்கக்கூடும். தோற்றத்தை வைத்து முடிவு செய்யாமல் சான்றைத் தேடுவதே வரலாற்றைக் கற்பதன் முதல் பாடம்.

விளையாட்டு செய்த மாற்றம்

விளையாட்டு பெரும்பாலும் புதினத்தையே பின்பற்றுகிறது. ஆலோசகரான ஜுகே லியாங்கும் இதில் களத்தில் இறங்கிப் போரிடுகிறார். இறகு விசிறியே அவருடைய ஆயுதம். பல பாகங்களில், காற்று வீசத் தொடங்கும்வரை சடங்கு மேடையைக் காப்பதும், ஹுவாங் காயின் கப்பல்கள் எதிரியைச் சென்றடைய வழி செய்வதும் விளையாடுபவரின் பொறுப்புகளாகின்றன.

விளையாட்டு கற்பிக்கும் நல்ல பாடங்களும் உள்ளன. கண்ணில் பட்டவர்களை எல்லாம் வெட்டிக்கொண்டிருந்தால் மட்டும் வெற்றி கிட்டாது. வரைபடத்தைக் கவனிக்க வேண்டும். எந்த நுழைவாயில் வீழ்கிறது, எந்தத் தோழமைத் தளபதி தத்தளிக்கிறார் என்பதை அறிந்து விரைய வேண்டும். படையின் மனவுறுதி குன்றினால் வென்ற இடமும் கைநழுவும். தலைமைத் தளபதி வீழ்ந்தால், ஆயிரம் பேரை வென்றிருந்தாலும் போர் தோல்வியில் முடியும். 2013-இல் வெளிவந்த எட்டாம் பாகம், முந்தைய போர்களில் சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் வரலாற்றின் போக்கையே மாற்றும் வாய்ப்பை அளித்தது. 'இது நடக்காதிருந்தால் பின்னர் என்ன ஆகியிருக்கும்?' என்ற கேள்வி, காரண காரியத் தொடர்பைச் சிந்திக்கத் தூண்டும் கேள்வியாகும்.

ஆனால், செம்பாறையில் சாவ் சாவின் படையை வாட்டிய ஒன்றை விளையாட்டால் எளிதில் காட்ட இயலாது. அது நோய். போரில் தீயைப் போலவே கொள்ளைநோயும் அப்படையை நலிவுறச் செய்தது என்று பழைய ஏடுகள் கூறுகின்றன. நோயை வாளால் வெட்ட முடியாது. பசியையும் களைப்பையும் சேற்றுப் பாதையையும்கூடப் பொத்தானை அழுத்தி வீழ்த்த முடியாது. பல போர்களின் முடிவைத் தீர்மானித்தவை இவையே.

எண்ணிக்கையில் மறைந்த மனிதர்கள்

விளையாட்டில் தளபதிகளுக்குப் பெயர் உண்டு. தனிக்குரலும் தனி உடையும் உண்டு. சாதாரண வீரர்களுக்கு அவை இல்லை. ஒரே முகம், ஒரே சீருடை. அவர்கள் வீழும்போது எண் மட்டுமே கூடுகிறது. உண்மையில் அப்படைகளில் இருந்தவர்களுள் பலர், ஏரைப் பிடித்த கையில் ஈட்டியைப் பிடிக்க நேர்ந்த உழவர்கள்.

கி.பி. 157-இல் ஹான் பேரரசு எடுத்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ 56 மில்லியன் மக்கள் பதிவாகியிருந்தனர். கி.பி. 280-இல், போர்கள் ஓய்ந்தபின் எடுத்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ 16 மில்லியன் பேர்தாம் பதிவாயினர். இந்த இடைவெளி முழுவதையும் இறந்தோர் தொகை என்று கொள்வது தவறு. பலர் வேற்றிடங்களுக்கு ஓடிப்போயினர். பலர் பெருநிலக்கிழார்களின் ஆதரவில் பதிவின்றி வாழ்ந்தனர். சிதைந்துபோன அரசால் எல்லாரையும் எண்ணவும் முடியவில்லை. அப்படியிருந்தும், கோடிக்கணக்கானோரின் வாழ்க்கை வேரோடு பெயர்த்தெறியப்பட்டது என்பதை அந்த இரண்டு எண்களும் உணர்த்துகின்றன. விளையாட்டில் பெரும்பாலும் எதிரியாகத் தோன்றும் சாவ் சாவ்கூட, போரால் மக்கள் மாண்டதை எண்ணி வருந்திக் கவிதை எழுதியவர். திரையில் ஏறும் எண்ணுக்கும் ஏட்டில் இறங்கும் எண்ணுக்கும் உள்ள தொடர்பைச் சிந்திப்பவரே அக்காலத்தை உணரத் தொடங்குகிறார்.

வீரராக, நாயகராக, தெய்வமாக

இவ்விளையாட்டின் புகழ்பெற்ற தளபதிகளுள் ஒருவர் குவான் யூ. நீண்ட தாடியும் பிறை வடிவ நீள்வாளும் அவரின் அடையாளங்கள். பதிவேட்டில் அவர் லியூ பேயின் உற்ற துணைவர். பகைவரான சாவ் சாவ் பொன்னும் பதவியும் தந்து மதித்தபோதும், பழைய தலைவரையே நாடித் திரும்பிச் சென்றவர். புதினம் அந்த விசுவாசத்தைப் போற்றிப் பாடியது. அவர் ஏந்துவதாகக் காட்டப்படும் பிறைவாள் பிற்காலத்து ஆயுதம் என்பது ஆய்வாளர் கருத்து. காலப்போக்கில் சீன மக்கள் அவரைத் தெய்வமாகவே வழிபடத் தொடங்கினர்.

அவ்வழிபாட்டைக் காணச் சீனாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூரில் துன் எச்.எஸ். லீ சாலையில், 1873-இல் தோற்றம் கண்ட ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் உள்ளது. அதே சாலையில், அதற்கு அண்மையிலேயே, 1888-இல் எழுப்பப்பட்ட குவான் டி ஆலயம் அமைந்துள்ளது. அங்கு வீற்றிருப்பவர் இதே குவான் யூ. அம்மனை வணங்கிவிட்டு வெளியே வரும் இளைஞர் ஒருவர், சில அடிகள் நடந்தால், தாம் விளையாட்டில் இயக்கும் தளபதியின் முன் பக்தர்கள் ஊதுபத்தி ஏற்றிக் கைகூப்புவதைக் காணலாம். தமக்கு விளையாட்டுப் பாத்திரமாக அறிமுகமானவர் சீன நண்பரின் குடும்பத்திற்குத் தெய்வம் என்பதை அறியும்போது, பேச்சில் பணிவு வரும். அந்த நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய உள்ளன என்ற எண்ணமும் வரும்.

ஆர்வம் அறிவாக

விளையாட்டு வரலாற்று நூலாகாது. அவ்வாறு இருக்க வேண்டிய கட்டாயமும் அதற்கில்லை. விளையாட்டின் நோக்கம் மகிழ்வூட்டுவது. அந்த மகிழ்ச்சி நேரத்தை விழுங்காமல் பார்த்துக்கொள்வது விளையாடுபவரின் கடமை. ஆர்வத்தை அறிவாக மாற்ற விரும்புவோர், ஒவ்வொரு போர்க்களத்தைக் கடந்ததும் மூன்று கேள்விகளை எழுப்பலாம்: இதனைப் பதிவேடு கூறுகிறதா? புதினம் சேர்த்ததா? விளையாட்டை உருவாக்கியவர்கள் புனைந்ததா?

இம்மூன்று கேள்விகள் செம்பாறைப் போருக்கு மட்டும் உரியவை அல்ல. வரலாற்றுத் திரைப்படத்தைப் பார்க்கும்போதும், சமூக ஊடகத்தில் பரவும் பெருமைக் கதையைப் படிக்கும்போதும் இவை கைகொடுக்கும். ஹுவாங் காயின் கப்பல்களை வேடிக்கை பார்த்த வீரர்கள், துணியால் மூடப்பட்டிருந்ததை விலக்கிப் பார்க்க எண்ணவில்லை. அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

அருஞ்சொற்பொருள்

வியூகம் – போருக்கான திட்ட அமைப்பு
பாசறை – போர்க்காலத்தில் படை தங்கும் இடம்
மடல் – கடிதம்
புதினம் – நாவல்
மனவுறுதி – தளராத உள்ளம்
விசுவாசம் – மாறாத பற்று

கருத்துணர் கேள்விகள்

1. 2000-ஆம் ஆண்டில் டைனஸ்டி வாரியர்ஸ் விளையாட்டின் வடிவம் மாறியதற்கான காரணம் யாது?

2. சாவ் சாவின் படையிடம் இருந்த குறைகளாக ஜோவ் யூ எடுத்துரைத்தவற்றைப் பட்டியலிடுக.

3. செம்பாறைப் போரில் ஜுகே லியாங்கின் பங்கைப் பதிவேடும் புதினமும் எவ்வாறு வேறுபடுத்திக் காட்டுகின்றன?

4. இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இறந்தோர் தொகை என்று கூறுவது ஏன் தவறு?

5. 'திரையில் ஏறும் எண்ணுக்கும் ஏட்டில் இறங்கும் எண்ணுக்கும் உள்ள தொடர்பு' என்னும் தொடர் உணர்த்தும் கருத்தை விளக்குக.

உயர்நிலைச் சிந்தனை

6. வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டுகள் உண்மையை மட்டுமே காட்ட வேண்டுமா? உமது கருத்தைத் தக்க காரணங்களுடன் எழுதுக.

7. நீர் அறிந்த வரலாற்றுத் திரைப்படம் அல்லது விளையாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்திடுக. அதில் வரும் ஒரு நிகழ்ச்சியைக் கட்டுரையின் இறுதியில் கூறப்பட்ட மூன்று கேள்விகளைக் கொண்டு ஆராய்ந்து, வகுப்பில் படைத்திடுக.